கம்முனு இருந்திருந்தா மெமோ வந்திருக்காதுங்க

பவானிக்கரை_செவிலி | திங்கள், காலை 9:14

நைட் டூட்டி முடிச்சு வந்து தூக்கம் புடிக்காம எழுதறேன். முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

ஈரோடு பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேர் வேண்டாமுங்க. அங்க 11 வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். போன வாரம் எங்க வார்டுல ஒரு பெரியவருக்குப் படுக்கற நேரத்துக்கு 12 யூனிட் இன்சுலின் போடணும். வழக்கமா எங்ககிட்ட இருக்கறது ஒரு மில்லிக்கு 40 யூனிட் குப்பி. அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். அன்னைக்கு அந்த ஸ்டாக் தீந்துபோய் பார்மசில இருந்து 100 யூனிட் குப்பி வந்திருக்கு. அதுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் எடுக்கணும். ஆனா ட்ரேல கெடந்தது பூராவும் சிவப்பு. வேலைக்குச் சேந்து நாலு மாசம் ஆன புள்ளை, ஒத்தை ஆளா 22 பேஷண்ட் பாத்துட்டு இருந்தா. சிவப்பு சிரிஞ்ச்ல 12 கோடு வரைக்கும் இழுத்துட்டா. 12 கோடுன்னா 0.3 மில்லி. 100 குப்பில இருந்து அவ்வளவு இழுத்தா 30 யூனிட். ரெண்டரை மடங்கு! ராத்திரி தூக்கத்துல சர்க்கரை எறங்கினா யாருக்குத் தெரியப் போகுது?

அதைக் கண்டுபுடிச்சது டாக்டரும் இல்ல, நானும் இல்ல. ஃப்ரிட்ஜ் தொடைக்கற ஆயாம்மா. "ஏங்கண்ணு, இது நம்ம எப்பவும் வெக்கற பாட்டல் இல்லையே, டப்பாவே வேற கலரா இருந்துச்சே"ன்னு போற போக்குல கேட்டாங்க. அப்புறந்தான் நான் குப்பியை வாங்கிப் பாத்தேன். கை காலெல்லாம் வெலவெலத்துப் போச்சு.

ஊசி போடல. பெரியவருக்கு ஒண்ணும் ஆகல. நான் சும்மா இருக்காம சம்பவப் படிவத்தை எடுத்து நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். என்.ஏ.பி.எச்.னு ஆஸ்பத்திரித் தரத்துக்குக் கொடுக்கற சான்றிதழுக்காக அச்சடிச்சு வெச்ச படிவம், கட்டே பிரிக்காம இருந்துச்சு. ரெண்டு நாள்ல அந்தப் புள்ளைக்கு மெமோ. எனக்கும் ஒண்ணு: "வாய்மொழியாகத் தெரிவிக்காமல் எழுத்தில் கொடுத்ததற்கு விளக்கம் தரவும்." சூப்பரிண்டெண்ட் மேடம் நல்லவங்கதான், தனியா கூப்பிட்டு, "ஊசி போகலைல்ல? அப்புறம் எதுக்கு எழுதி வெச்சே, கம்முனு இருந்திருக்கலாம்ல"ன்னாங்க.

ட்ரேல ஏன் ஒரே கலர் சிரிஞ்ச் இருந்துச்சு, குப்பி மாறினதை வார்டுக்கு ஏன் சொல்லலன்னு பார்மசியை யாரும் கேக்கல.

உங்க வேலை எடத்துல, தப்பு நடக்கறதுக்கு முன்னாடியே தடுத்தவங்களுக்கு என்ன கெடைக்குது? தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.


நொய்யல்கரை | திங்கள், பகல் 11:50

அம்மணி, உங்க ஆஸ்பத்திரில படிவமாச்சும் இருக்குது. எங்க தொழில்ல அதுக்குப் பேரே கெடையாது. தப்பிச்சா "சாமி காப்பாத்துச்சு", தப்பிக்கலைன்னா "விதி". ரெண்டுக்கும் நடுவுல எழுதறதுக்கு ஒண்ணுமில்ல.

திருப்பூர்ல சாயப்பட்டறை சூப்பர்வைசரா 19 வருஷம். சாயக் கழிவு நொய்யல் ஆத்துல கலக்குதுன்னு 2011 ஜனவரில ஹைகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி ஆத்துக்குப் போகக்கூடாதுன்னு ஆச்சு. ஆத்துக்கு நல்லதுதான், நான் அதைக் கொறை சொல்லல. ஆனா முன்னெல்லாம் வாய்க்கால்ல ஓடிப் போனது இப்ப தொட்டில நிக்குது. நின்னா சேறு ஆகும். சேறு ஆனா ஒருத்தன் எறங்கி வழிக்கணும்.

தொட்டில சேர்ற வாயு அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா, அளவு கூடிப்போச்சுன்னா மூக்கு மரத்துரும், நாத்தமே தெரியாது. "இப்ப வாசம் இல்லீங்க, எறங்கலாம்"னு சொல்றானே, அந்த நிமிஷந்தான் எமன். காத்தை விடக் கனம், அடியில போய் உக்காந்துக்கும். மேல நின்னு எட்டிப் பாத்தா ஒண்ணுமில்லாத மாதிரிதான் இருக்கும்.

பல வருஷம் முன்னாடி, நான் வேலை பாத்த ஒரு எடம். ஒடிசாப் பையன் ஒருத்தன் எறங்கினான், நாலாவது படியிலயே சரிஞ்சுட்டான். அவன் அண்ணங்காரன் மேல நின்னவன் கத்திட்டுக் குதிக்கப் போனான். எங்க வாட்ச்மேன் தாத்தா, 60 வயசுக்கு மேல இருக்கும், அவன் இடுப்பைக் கட்டிப் புடிச்சுட்டு விடவே இல்ல. பையன் அடிக்கறான், கடிக்கறான், இவரு விடல. அதுக்குள்ள நாங்க ஊதுகாத்தைத் திருப்பி விட்டு, கொக்கி போட்டுத் தூக்கினோம். ரெண்டு பேரும் இன்னைக்கு உசுரோட இருக்காங்க. தாத்தாவை வாட்ச்மேன் வேலைக்கு முன்னாடி எங்க வேலைன்னு கேட்டேன். கெணறு வெட்டறவராம். "கெணத்துல ஒருத்தன் உழுந்தா அடுத்தவன் குதிக்கக் கூடாது சாமி, மொதல்ல வௌக்கு எறக்கிப் பாக்கணும்"னார். (வௌக்கு வித்தையை இப்ப யாரும் பண்ணிராதீங்க, தொட்டி வாயு தீப்புடிக்கும். மீட்டர் வாங்குங்க.)

தாத்தாவுக்கு என்ன கெடைச்சுதுன்னு கேட்டீங்கன்னா: ஒண்ணுமில்ல. தீபாவளிக்கு எல்லாத்துக்கும் கொடுத்த அதே போனஸ்தான்.


தறிக்காரன்_சோமனூர் | திங்கள், மாலை 4:05

நான் எதிர்க்கட்சி பேசறேன்னு கோவிச்சுக்காதீங்க. நர்ஸம்மா செஞ்சது நாயந்தான். ஆனா எழுதி வெக்கறது யாருக்கு ஆபத்துன்னு யோசிங்க. நாளைக்கு வேற ஒரு பேஷண்ட் செத்தா, வக்கீல் அந்தப் பேப்பரைத்தான் மொதல்ல கேப்பான். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"ம்பான். எழுதாதவன் தப்பிச்சுக்குவான், எழுதினவன் மாட்டிக்குவான்.

தறி கூடத்துக்கு வாங்க. பெல்ட்டுக்கு நானே கம்பி வலை போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரத்துல கழட்டி செவுத்துல சாத்தி வெச்சுட்டானுங்க. நாடா (ஊடுநூலைக் கொண்டு ஓடற கட்டை) தெறிக்காம இருக்கற தடுப்புக் கம்பியும் அப்படித்தான். கேட்டா நூல் முடிய கை போகலையாம். ஓனரையே குத்தம் சொன்னா எப்படி?


மட்டறுத்துநர் | திங்கள், மாலை 6:20

எந்த ஆஸ்பத்திரின்னு ஊகிச்சு பேர் போட்ட ரெண்டு பதிவை எடுத்துட்டேன். இன்னொரு தடவை பாத்தா இழையைப் பூட்டிருவேன். எழுதினவங்க வேலைல இருக்காங்கங்கறது ஞாபகம் இருக்கட்டும்.


பீளமேடு_பவுண்டரி | திங்கள், இரவு 9:37

தறிக்காரருக்கு ஒரு கேள்வி: உங்க ஆளுக்குக் கூலி மீட்டர் கணக்கா, நாள் கணக்கா? மீட்டர் கணக்குன்னா, வலையைக் கழட்டினது அவன் கை, கழட்டச் சொன்னது உங்க கூலி. நூல் அறுந்த ஒவ்வொரு தடவையும் வலையைத் திறந்து மூட ஆகற நேரத்துக்கு நீங்க காசு தர்றதில்ல. குத்தம் சொல்லலீங்ணா, நூல் கொடுத்து நெய்ய வெக்கற மாஸ்டர் வீவர் உங்களுக்குக் கொடுக்கறதும் அப்படித்தான்னு எனக்குத் தெரியும்.

நான் 26 வருஷம் பவுண்டரில. மெல்டிங்ல ஆரம்பிச்சு இப்ப பிளாண்ட் மேனேஜர். பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனா மொதல் படமே ஒரு முக்கோணம் காட்டுவாங்க, பாத்திருப்பீங்க: 1 பெரிய காயம், 29 சின்னக் காயம், 300 காயமில்லாத சம்பவம். ஹைன்ரிச்ங்கற அமெரிக்க இன்சூரன்ஸ்காரர் 1931ல போட்டது. அதே ஆள் இன்னொண்ணும் சொன்னார்: விபத்துல நூத்துக்கு 88 தொழிலாளியோட தப்பான செய்கையாலங்கறார். அந்தக் கணக்கு எங்க இருந்து வந்துச்சு? இன்சூரன்ஸ் கோப்புலயும் முதலாளிங்க எழுதி வெச்ச ரிப்போர்ட்லயும் இருந்து. ரிப்போர்ட் எழுதற சூப்பர்வைசர் "நான் மிஷினுக்கு மூடி போடல"ன்னு எழுதுவானா, "அவன் கவனமில்லாம கைய விட்டான்"னு எழுதுவானா? அந்த விகிதத்தைப் பின்னால பல பேர் கேள்வி கேட்டுட்டாங்க. ஆனா செவுத்துல இருக்கற போஸ்டர் மட்டும் மாறல.

எங்க கம்பெனி வாசல்ல ஒரு போர்டு இருந்துச்சு. "விபத்தில்லா நாட்கள்: 412." 500 ஆனா ஆளுக்கொரு குக்கர்னு அறிவிப்பு. 430 சொச்சத்துல வார்ப்புல பிசிறு எடுக்கற ஃபெட்லிங் பையன் ஒருத்தனுக்கு விரல் நசுங்குச்சு. கூட இருந்தவங்களே அவனை ஈ.எஸ்.ஐ.க்குப் போக விடாம தெரிஞ்ச கிளினிக்ல கட்டுப் போட்டு, ஸ்கூட்டர்ல உழுந்துட்டேன்னு சொல்ல வெச்சுட்டாங்க. 150 குடும்பத்தோட குக்கர் அவன் விரல்ல தொங்கிட்டு இருந்துச்சு. எனக்கு அது தெரிய வந்தது எட்டு மாசம் கழிச்சு, ஒரு கல்யாண வீட்டுப் பந்தில. மறுநாளே போர்டைக் கழட்டினேன். எம்.டி.க்குப் புடிக்கல, அவர் மகனுக்கு இன்னும் புடிக்கல.

இதுக்கு எதிர் உதாரணமும் எங்க எடத்துலயே இருக்கு. உருகின இரும்பு 1,500 டிகிரிக்குப் பக்கம் இருக்கும். ஈரமான ஸ்கிராப் உள்ள போனா தண்ணி ஒரே நொடியில ஆவியாகும், 1,600 மடங்குக்கு மேல விரியும். வாணலில தண்ணி தெளிச்ச மாதிரின்னு சொல்லுவாங்க. வாணலி இல்லீங்க, குண்டு. ஐப்பசி மழைல யார்டு ஸ்கிராப் பூரா நனைஞ்சிருக்கும். எங்க பழைய மெல்டர் ஒருத்தர் இருந்தார். ஹெல்ப்பர் பையன் கையைத் தூக்கினா, எதுக்குன்னு கேக்காம உலைல ஸ்கிராப் போடற சார்ஜிங்கை நிறுத்துவார். முக்கால்வாசி நேரம் ஒண்ணும் இருக்காது. ஒரு தடவை நான் கேட்டேன், "பத்துக்கு ஒம்பது தடவை சும்மா நிறுத்தறீங்களேண்ணா, கரண்ட் பில் யாரு கட்டறது?" அவர் சொன்னது: "ஒம்பது தடவைல ஒரு தடவை நான் மூஞ்சியைச் சுளிச்சா, பத்தாவது தடவை அவன் கையத் தூக்க மாட்டான் தம்பி."

சட்டம் பத்தி ஒரு வார்த்தை. போபால்ல 1984 டிசம்பர்ல வாயு கசிஞ்சப்ப, தொட்டியைக் குளிர வெக்கற மிஷினை முன்னாடியே நிறுத்தி வெச்சிருந்தாங்க, வாயுவை எரிக்கற கோபுரத்தோட குழாய் ரிப்பேருக்குக் கழட்டிக் கெடந்துச்சு. அதுக்கப்புறம் 1987ல அப்ப இருந்த தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி 41ஹெச்னு ஒரு பிரிவைச் சேத்தாங்க: அபாயகரமான வேலை நடக்கற எடத்துல உடனடி ஆபத்து இருக்குன்னு தொழிலாளிக்குப் பட்டா, நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்துல சொல்லலாம்னு. நான் பயிற்சி நடத்தறப்பல்லாம் இதைக் கேள்விப்பட்டவங்க கையத் தூக்கச் சொல்லுவேன். இதுவரைக்கும் ஒரு கை கூடத் தூக்கினதில்ல.


மில்லுப்பொண்ணு | திங்கள், இரவு 10:58

மார்ச் 4 பத்தி யாரும் சொல்லலையே. தேசிய பாதுகாப்பு நாள். எங்க ஸ்பின்னிங் மில்லுல பச்சைக்கொடி ஏத்தி, உறுதிமொழி வாசிச்சு, ஒரு லட்டு தருவாங்க. உறுதிமொழி சுத்தத் தமிழ்ல இருக்கும். நிக்கறவங்கள்ல பாதிக்கு மேல ஒடிசா, ஜார்க்கண்ட் புள்ளைங்க. அதுங்க உதடு மட்டும் அசையும். பக்கத்துல நின்ன புள்ளைகிட்ட என்ன சொன்னேன்னு கேட்டேன். சின்ன வயசுல ஸ்கூல்ல படிச்ச சாமிப் பாட்டைச் சொன்னேன்னு சிரிச்சா.

லட்டு நல்லா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.


திருப்பூர்_மெர்ச்சண்டைசர் | செவ்வாய், காலை 8:30

பையர் ஆடிட், அதான் நம்ம துணி வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி சோதனைக்கு வர்ற நாளைப் பத்தி நானும் சொல்றேன். கட்டிங் மாஸ்டருக்கு இரும்பு வளையக் கையுறை பெட்டிலேர்ந்து எடுத்துக் கொடுப்போம். போட்டோ எடுத்ததும் திரும்பப் பெட்டிக்குள்ள போயிரும். இந்த ஆடிட்டெல்லாம் இவ்வளவு கெடுபிடியானது பங்களாதேஷ்ல ராணா பிளாசாங்கற கட்டடம் இடிஞ்சு உழுந்ததுக்கு அப்புறம். 2013 ஏப்ரல் 24. 1,134 பேர் செத்தாங்க. அதுல என்னைத் தூங்க விடாத விஷயம் எண்ணிக்கை இல்ல. முந்தின நாளே செவுத்துல விரிசல் தெரிஞ்சுச்சு. கீழ்தளத்துல இருந்த பேங்க் தன் ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிருச்சு. கார்மெண்ட்ஸ்காரங்களை மட்டும் மறுநாள் உள்ள போகச் சொன்னாங்க. ஷிப்மெண்ட் இருந்துச்சு. ஷிப்மெண்ட்ங்கற வார்த்தையை நான் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்றவன்.


மயக்கடாக்டர் | செவ்வாய், பகல் 2:12

கோவையில் மயக்கவியல் மருத்துவராக இருக்கிறேன். சிஸ்டர், உங்களுக்கு மெமோ கொடுத்தது தப்பு. அதைச் சொல்லிவிட்டே மற்றதைப் பேசுகிறேன்.

தறிக்காரர் வழக்கைப் பற்றிச் சொன்னார். மருத்துவர்கள் மீது கிரிமினல் வழக்கு என்றதும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. பெரும் கவனக்குறைவு இருந்தால்தான் குற்ற வழக்கு, அதற்கும் முன் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றது. எங்கள் சங்கக் கூட்டங்களில் இதைக் கொண்டாடித்தான் பேசுவோம். ஆனால் அந்த வழக்கு எதில் தொடங்கியது என்று யாரும் பேசுவதில்லை. மூச்சுத் திணறிய நோயாளிக்கு மாட்டிய ஆக்சிஜன் சிலிண்டர் காலி. அறையில் வேறு சிலிண்டர் இல்லை. மருத்துவர் குற்றவாளியா இல்லையா என்று பத்து வருடம் வாதாடினோம். காலி சிலிண்டர் எப்படி அந்த அறைக்கு வந்தது என்பது யார் கேள்வியும் ஆகவில்லை. உங்கள் சிவப்பு மூடிக் கதையும் அதேதான்.

அறுவை அரங்கில் உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொடுத்த சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. 19 வரி. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி வெளியே போகும் முன் என மூன்று இடங்களில் நிற்க வேண்டும். புது தில்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் சோதித்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள்: இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது, சிக்கல்கள் 11இலிருந்து 7க்கு. இதை நம்பி நானும் ஓர் அரங்கில் கொண்டுவந்தேன். மூன்று மாதம் கழித்துப் பழைய தாள்களைப் புரட்டினேன். எல்லாக் கட்டமும் டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு. ஆபரேஷன் முடிந்து டீ வந்த பிறகு மொத்தமாக உட்கார்ந்து போட்ட டிக்.

ஏன் என்று தியேட்டர் சிஸ்டரிடம் கேட்டேன். "சீஃப் கத்தியக் கேக்கறப்ப நான் 'நில்லுங்க சார், பேரைச் சொல்லுங்க'ன்னு சொல்லணுமா டாக்டர்? நீங்க சொல்லுவீங்களா?" என்றார். நேர்மையாகச் சொன்னால், அன்றுவரை நானும் சொன்னதில்லை. அடுத்த வாரம் முதல் பட்டியலை நானே சத்தமாக வாசித்தேன். சீஃபுக்கு முதல் நாள் கோபம், இரண்டாம் வாரம் கேலி, பிறகு பழகிவிட்டார். நான் விடுப்பில் போனால் மீண்டும் டீ டிக்தான் என்று கேள்வி.

இப்படிப் பேசும்போது ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. "யாரையும் தண்டிக்கக் கூடாது" என்று சிலர் போகிறார்கள். கைதவறியவரும், எல்லோரும் போகும் குறுக்குவழியில் போனவரும், தெரிந்தே துணிந்தவரும் ஒன்றல்ல. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 2017 டிசம்பரில் ஒரு செவிலியர், பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதில் தசைகளை முடக்கும் மருந்தை எடுத்துக் கொடுத்து நோயாளி இறந்தார். மருந்துப் பெட்டிக் கணினியில் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் வந்த மருந்தை எடுத்துவிட்டார். மூடியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. ஆனால் தவறு தெரிந்ததும் அவரே ஒத்துக்கொண்டார். 2022இல் நீதிமன்றம் குற்றவாளி என்றது, மூன்று ஆண்டு நன்னடத்தைக் காவல். அவர் எச்சரிக்கைகளைத் தாண்டினார் என்பது உண்மை. அந்தத் தீர்ப்பைப் பார்த்த செவிலியர்கள் "இனி யார் வாய் திறப்பார்கள்" என்று கேட்டதும் உண்மை. எனக்கு இன்றும் இதில் தெளிவான பதில் இல்லை.


தறிக்காரன்_சோமனூர் | செவ்வாய், இரவு 9:20

பவுண்டரி அண்ணன் கேட்டதுக்குப் பதில்: மீட்டர் கணக்குத்தான். நீங்க சொன்னதை ராத்திரி பூரா யோசிச்சேன், கோவம் வந்துச்சு, ஆனா பொய்யின்னு சொல்ல முடியல.

எங்க ஊர்ல இன்னொரு சிக்கல் இருக்குது. தறி ஓட்டறவன் யாரு? என் பங்காளி மகன், சம்சாரத்தோட ஒண்ணுவிட்ட தம்பி, பக்கத்துத் தோட்டத்துக்காரன். மச்சினனுக்கு ஒரு விரல் போச்சு. ஆஸ்பத்திரிச் செலவு நான் பாத்தேன், கையில ஒரு தொகை கொடுத்தேன், பெரியவங்க உக்காந்து பேசி முடிச்சாங்க. போலீஸ் இல்ல, கேஸ் இல்ல. எல்லாம் சொந்தத்துக்குள்ள. அப்ப பெருமையா இருந்துச்சு. இப்ப யோசிச்சா, பேசி முடிச்சதுல பெல்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அதே தறி, அதே பெல்ட், வேற ஆள் ஓட்டறான். மச்சினன் நோம்பிக்கு வந்தா அந்தக் கையை வேட்டி மடிப்புக்குள்ள வெச்சுக்குவான்.

ஆனா எழுதி வெக்கறதை மட்டும் இன்னும் நான் ஒத்துக்கல, சொல்லிட்டேன்.


ரிக்வண்டி | புதன், காலை 6:02

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி. இப்ப சத்தீஸ்கர்ல இருக்கேன். ராடு மாத்தறப்ப ஜாடை காட்டறவன் ஒருத்தன்தான் இருக்கணும், ரெண்டு பேர் ஜாடை காட்டினா ஆபரேட்டர் கை போயிரும். அந்த ஒருத்தன் எவ்வளவு சின்னப் பையனா இருந்தாலும் அவன் பேச்சுதான். இதை எங்களுக்கு எந்த ஆபீஸரும் சொல்லித் தரல. டவர் கெடைக்கல, மிச்சம் அப்புறம்.


ஹவுஸ்கீப்பிங்_சேலம் | புதன், மதியம் 1:45

ஆயாம்மா கதை படிச்சு மனசு கேக்கல. நான் ஆஸ்பத்திரி துப்புரவு கான்ட்ராக்ட்ல சூப்பர்வைசர். நர்ஸுங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். குப்பைப் பையைத் தூக்கறப்ப ஊசி குத்தறது எங்க ஆளுங்களுக்குத்தான். ஊசி முனையை மிஷின்ல வெட்டாம, திரும்ப மூடியைப் போட்டுச் சாதாரணக் குப்பைல எறியறது உங்காளுங்க. குத்தினா உடனே சோப்புத் தண்ணில கழுவணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சா நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பிரயோஜனமில்ல. எல்லாரும் ஹெச்.ஐ.வி.க்குப் பயப்படறாங்க. அது 1,000 தடவை குத்தினா 3 பேருக்கு. மஞ்சக்காமாலை பி, தடுப்பூசி போடாதவங்களுக்கு நூத்துக்கு 30 பேர் வரைக்கும் வரலாம். அந்த ஊசியைக் கான்ட்ராக்ட் ஆளுங்களுக்குப் போட வெக்க நான் ஒரு வருஷம் அலைஞ்சேன். "உங்க ஆள், உங்க செலவு"ன்னு இவங்க, "வேலை எடம் அவங்களது"ன்னு எங்க ஆபீஸ்.

குத்தினா சொல்ல மாட்டாங்க. சொன்னா மறுநாள் வேற ஆள் வந்துருவாங்கன்னு பயம். ஒரு அக்கா மூணு மாசம் கழிச்சுத்தான் எங்கிட்டச் சொன்னாங்க, அதுவும் பஸ்ல போறப்ப.


பவானிக்கரை_செவிலி | வெள்ளி, காலை 10:26

எல்லாருக்கும் நன்றிங்க. சேலம் அண்ணா, நீங்க சொன்னதைப் படிச்ச அன்னைக்கே எங்க வார்டு குப்பைக் கூடையைக் கவுத்துப் பாத்தேன். மூடி போட்ட ஊசி மூணு கெடந்துச்சு. தலை குனிஞ்சுட்டேன்.

நடந்தது என்னன்னா: என் மெமோவுக்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதினேன். மயக்கடாக்டர் சொன்ன காலி சிலிண்டர் மாதிரியே கேட்டேன், "சிவப்பு மூடி சிரிஞ்ச் மட்டும் ட்ரேல இருந்தது எப்படி?"ன்னு. மெமோவை வாபஸ் வாங்கல. ஆனா நேத்து பார்மசில இருந்து ரெண்டு டப்பா வந்துச்சு, சிவப்புக்கு ஒண்ணு, ஆரஞ்சுக்கு ஒண்ணு. 100 குப்பி வந்தா மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பறாங்க. யாரும் எதுவும் சொல்லல, சுற்றறிக்கையும் இல்ல. டப்பா மட்டும் வந்துச்சு. அந்தச் சின்னப் புள்ளை வேலையை விடறேன்னு அழுதவ, இன்னும் வந்துட்டுதான் இருக்கா. இப்ப ஒவ்வொரு ஊசிக்கும் என்னை வந்து பாக்கச் சொல்றா. அதுவும் நல்லதா கெட்டதான்னு தெரியல.

சூப்பரிண்டெண்ட் மேடம் நேத்து, "சரி, யாரு கண்டுபுடிச்சாங்களோ அவங்க பேரைப் படிவத்துல சேத்துரு, மீட்டிங்ல பாராட்டிரலாம்"னாங்க. எனக்கு ஒரே சந்தோசம். ஓடிப் போய் ஆயாம்மாகிட்டச் சொன்னேன். அவங்க முகமே செத்துப்போச்சு. "என் பேரை எழுதாத கண்ணு. நாளைக்கு வேற எதாச்சும் ஆனா, பாட்டலைப் பாத்தவ நீதானேன்னு என்னையத்தான் கேப்பாங்க. நான் தொடைக்கறதோட நின்னுக்கறேன்"னு கையப் புடிச்சுட்டாங்க.

பேர் இல்லாம எழுதறதுக்கு எதாச்சும் வழி இருக்குதுங்களா?


மயக்கடாக்டர் | வெள்ளி, பகல் 12:03

இருக்கிறது சிஸ்டர். அமெரிக்க விமானிகள் 1976 முதல் அப்படித்தான் எழுதுகிறார்கள். அறிக்கையை வாங்குவது லைசென்ஸைப் பறிக்கும் அதிகாரமுள்ள அமைப்பு இல்லை, நாசா. விவரம் ஏதும் கேட்க வேண்டியிருந்தால் எழுதியவரிடம் கேட்டுக்கொண்டு, பேரைக் கிழித்துத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் பதிவு செய்வார்கள். வாங்குகிறவரும் தண்டிக்கிறவரும் வேறு வேறாக இருப்பதுதான் அதன் சூட்சுமம். உங்கள் ஆஸ்பத்திரியில் மெமோ அடிக்காத, ஆனால் எல்லோரும் நம்புகிற ஆள் யாராவது உண்டா? ரெக்கார்ட் ரூம், டயட்டீஷியன், யாராக இருந்தாலும் சரி.


பவானிக்கரை_செவிலி | வெள்ளி, பகல் 12:31

டயட்டீஷியன் அக்கா ஒருத்தங்க இருக்காங்க. ஆயாம்மாவுக்கு எழுதத் தெரியாது, ஆனா அந்த அக்காகிட்ட தெனம் டீ வாங்கிக் கொடுத்துட்டுப் பேசிட்டு இருப்பாங்க. இன்னைக்கு நைட் டூட்டி. கேட்டுட்டு வந்து எழுதறேன்.